வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகம் இனப்படுகொலையைத் தடுக்க உண்மையில் என்ன செய்கிறது?

"பழைய பொருட்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் நாளைய கொலை நின்றுவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்காது. அந்த அருங்காட்சியகமும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

ஹோலோகாஸ்ட் என்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனி ஐரோப்பிய யூதர்களைக் கொன்றழித்த கொடுமை. அதன் நினைவாக 1993 ஏப்ரலில் திறக்கப்பட்டது இந்த அருங்காட்சியகம். உள்ளே, போலந்தில் நாஜிகள் நடத்திய மைதானெக் முகாமில் கொல்லப்பட்டவர்களின் காலணிகள் குவிந்து கிடக்கின்றன. மூன்று மாடி உயரத்துக்கு இன்றைய லிதுவேனியாவில் உள்ள எய்ஷிஷோக் என்ற சிற்றூர் மக்களின் புகைப்படங்கள்: திருமணம், சுற்றுலா, பள்ளிக் குழந்தைகள். 1941 செப்டம்பரில் இரண்டே நாட்களில் அந்த ஊரின் யூதர்கள் ஏறக்குறைய முழுவதுமாகக் கொல்லப்பட்டார்கள். காலணிகளைவிட இந்தச் சிரித்த முகங்கள்தாம் அதிகம் உலுக்கும் என்பது என் எண்ணம்.

தடுப்பு வேலைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. எந்த நாட்டில் புதிதாகப் பெருங்கொலை தொடங்கக்கூடும் என்று பழைய தரவுகளை வைத்துக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் நாடுகளை வரிசைப்படுத்துகிறார்கள். ஓராண்டுக்குள், ஒரு குழுவைச் சேர்ந்தவர்கள் என்பதற்காகவே 1,000 பொதுமக்களாவது திட்டமிட்டுக் கொல்லப்பட்டால் அது பெருங்கொலை என்பது அவர்கள் அளவுகோல். ஜோசியம் அல்ல, வானிலை எச்சரிக்கை மாதிரி. இன்ன நாளில் இடி விழும் என்று சொல்லாது, மேகம் கறுப்பதைச் சொல்லும். கள ஆய்வும் உண்டு: மியான்மரின் சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியா மக்கள்மீதான வன்முறை பற்றிச் சாட்சியங்களைத் திரட்டி வெளியிட்டார்கள்.

குறை எங்கே என்றால், எச்சரிக்கத்தான் அவர்களால் முடியும். படையோ தடைவிதிக்கும் அதிகாரமோ கிடையாது. 2004 ஜூலையில் சூடானின் டார்ஃபூர் பகுதியில் "இனப்படுகொலை நெருக்கடி" என்று அறிவித்தார்கள். அதன் பிறகும் அங்கே கொலைகள் பல ஆண்டுகள் தொடர்ந்தன.