கேம்பிங் போகும்போது விறகு கொண்டு போகலாமா? கேள்வி பதில்

அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடை விடுமுறைக்குக் கேம்பிங் கிளம்பும் நம்மவர்களிடமிருந்து விறகு பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மரப் பராமரிப்பு வேலையில் இருப்பதால் எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் வெட்டிய ஆஷ் மர விறகு கிடக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைக்குக் கொண்டு போகலாமா?

கூடாது. வெப்பத்தில் பதப்படுத்தாத விறகை வெளி மாநிலத்திலிருந்து நியூயார்க்குக்குள் கொண்டு வருவது சட்டப்படி குற்றம். நியூயார்க்குக்குள்ளேயே எடுத்துப் போவதென்றாலும், வெட்டிய இடத்திலிருந்து 50 மைலுக்கு மேல் போகக் கூடாது. ஆஷ் மரத்தைக் கொல்லும் ஒரு வண்டு விறகுக்குள் ஒளிந்து கூடவே வந்துவிடும் என்பதுதான் காரணம்.

வண்டுக்குத்தான் சிறகு இருக்கிறதே, விறகைத் தடுத்து என்ன பயன்?

எல்லோரும் கேட்பதுதான். எமரால்டு ஆஷ் போரர் என்ற இந்தப் பச்சை வண்டு சுமார் அரை அங்குல நீளம்தான். கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. 2002-ல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடித்தபோது, அது வந்து ஏற்கெனவே பல வருடம் ஆகியிருந்தது. தானாகப் பறந்தால் பெரும்பாலும் பிறந்த மரத்துக்குப் பக்கத்திலேயே சுற்றும். ஓரிரு மைல் போனாலே பெரிது. ஆனால் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, நடுவில் எதுவுமே இல்லாமல், திடீரென்று புது இடத்தில் முளைத்தது. நாற்று, மரத்தடி, விறகு என்று மனிதன் வண்டியில் ஏற்றியதில்தான் அது அவ்வளவு தூரம் போனது. பட்டைக்கு அடியில் புழு பாம்பு நெளிவது மாதிரி வளைந்து வளைந்து தின்றுகொண்டே போகும். இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்கும் வழி அறுந்துபோய், சில வருடங்களில் மரமே பட்டுப்போகும்.

நன்றாகக் காய்ந்த விறகுதான், ஒரு ஓட்டைகூட இல்லை. அதுவுமா?

இங்கேதான் ஏமாந்து போகிறோம். ஆங்கில 'டி' எழுத்து வடிவில், 3-4 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும் அந்த ஓட்டை, வண்டு வெளியே போன வழி. ஓட்டை இல்லையென்றால் உள்ளே எதுவும் இல்லை என்று பொருளில்லை. இன்னும் வெளியே வராமல் இருக்கலாம். மரத்தை வெட்டிய பிறகும் உள்ளே உள்ள புழு வளர்ந்து, அடுத்த கோடையில் வண்டாக வெளிவரும். சில நேரம் அதற்கும் அடுத்த கோடை வரை இழுக்கும்.

இந்த வண்டுக்காகப் போட்டிருந்த தடையை 2021-லேயே அமெரிக்க மத்திய அரசு எடுத்துவிட்டதே, ஐயா?

ஆமாம், ஜனவரியில். வண்டு ஒழிந்ததால் அல்ல, கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் பரவிவிட்டதால். இப்போது தடைக்குச் செலவான பணத்தை வண்டின் முட்டையையும் புழுவையும் அழிக்கும் சிறு குளவிகளை வளர்த்து விடுவதற்கும் செலவிடுகிறார்கள். மாநிலங்களின் விறகுச் சட்டங்கள் தனி. அப்புறம், விறகில் வருவது இது ஒன்றுதானா? மேப்பிள் மரத்தைத் துளைக்கும் ஆசிய நீளக்கொம்பு வண்டுக்கு மாசசூசெட்ஸின் வூஸ்டர் பக்கம் இன்னும் மத்தியத் தடை இருக்கிறது. லான்டர்ன்ஃப்ளை என்ற இன்னொரு பூச்சியின் முட்டையோ பட்டை மேல் காய்ந்த சேற்றுத் தீற்றல் மாதிரிதான் தெரியும்.

கடையில் பையில் விற்கும் விறகு?

லேபிளைப் பாருங்கள். 'ஹீட் ட்ரீட்டட்' (வெப்பத்தில் பதப்படுத்தியது) என்று அரசுச் சான்றோடு இருக்க வேண்டும். இந்த வண்டுக்கான அளவு, விறகின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸில் 60 நிமிடம் இருப்பது. வெறும் 'கில்ன் ட்ரைட்' (சூளையில் உலர்த்தியது) என்று போட்டிருந்தால் ஈரம் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

டொரான்டோவிலிருந்து எல்லை தாண்டிப் போகிறோம்.

விறகை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

தெரியாமல் ஏற்றி வந்துவிட்டேன். இப்போதுதான் இதைப் படிக்கிறேன்!

சரி, பதற வேண்டாம். திருப்பி எடுத்துப் போகாதீர்கள். "அடுத்து வருபவருக்கு உதவுமே" என்று அடுக்கி வைத்துவிட்டும் வராதீர்கள், நல்ல மனசுதான், ஆனாலும் வேண்டாம். முதல் ராத்திரியே அத்தனையையும் எரித்துவிடுங்கள். காரின் டிக்கியில் உதிர்ந்து கிடக்கும் பட்டைத் துண்டுகளையும் கூட்டி அள்ளி அதே நெருப்பில் போடுங்கள்.