ஓவிய வகுப்பு இருந்தால் மதிப்பெண் கூடுமா?

உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் படிக்கும் பிள்ளைகள் மற்றப் பாடங்களிலும் நன்றாக வாங்குவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். ‘ஆமாம்’ என்று சொல்லத்தான் ஆசை.

நன்றாக வாங்குகிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஓவியத்தால்தானா? 2000-இல் எலன் வின்னர், லாயிஸ் ஹெட்லண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். ஓவியம் கற்றதால் மதிப்பெண் ஏறியது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற, வீட்டில் ஊக்கம் கிடைக்கிற பிள்ளைகளே ஓவியத்தையும் எடுத்தால் இரண்டும் சேர்ந்துதானே தெரியும்! (எங்கள் துறையில் பலருக்கு அந்த முடிவு கசந்தது.)

அப்புறம் அதே இருவரும் பாஸ்டன் பகுதியில் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளின் ஓவிய வகுப்புகளைக் கூடவே இருந்து கவனித்தார்கள். கூர்ந்து பார்ப்பது, விடாமல் முயல்வது, தன் வேலையைத் தானே எடைபோடுவது என்று எட்டுப் பழக்கங்கள் அங்கே வளர்வதாகச் சொன்னார்கள். நான் கண்டதும் அதுதான்.

ஒரு மாணவனை நாற்காலி வரையச் சொன்னேன். நான்கு கால்களையும் ஒரே நீளத்தில் போட்டிருந்தான். கேட்டால், “நிஜத்துல ஒரே நீளம்தானே சார்?” என்றான். தெரிந்ததை வரைந்திருந்தான், கண்ணில் பட்டதை அல்ல. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அளக்கச் சொன்னேன். கால்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தை வரையச் சொன்னேன். சில வாரம் கழித்து நான் வாய் திறக்கும் முன்பே, “இந்தக் கால் தப்பா வந்திருக்கு” என்று அழித்துக்கொண்டிருந்தான். கணக்கில் அவன் அப்போதும் தட்டுத்தடுமாறித்தான் தேறினான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2019-இல் வந்தது. கலை வகுப்புகள் கூடுதலாகக் கிடைத்த பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைகள் குறைந்தன, எழுதும் திறனைச் சோதிக்கும் தேர்வில் மதிப்பெண் கொஞ்சம் கூடியது. ஆனால் அது ஓவியம் மட்டுமல்ல. இசை, நாடகம், நடனமும் சேர்ந்தது. பிள்ளைகளும் எட்டாம் வகுப்புக்கு உட்பட்டவர்கள்.

சரி, உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஓவிய வகுப்பு இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பாதி முடிந்த படத்தை வைத்துக்கொண்டு ஆசிரியர் பிள்ளைகளோடு பேசுகிறாரா? மாதிரிப் படத்தைப் பார்த்து அப்படியே நகலெடுக்கும் வகுப்பென்றால், மேலே சொன்ன பழக்கம் எதுவும் அங்கே வளராது.