தொடர்மாடி வீடா, நான்கு பரப்புக் காணியா?

கேள்வி: நான் அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்றவள். கணவருடனும் எழுபத்தெட்டு வயது அம்மாவுடனும் கொக்குவிலில் வாடகை வீட்டில் இருக்கிறேன். யாழ் நகரில் கட்டப்பட்டுவரும் தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் ஒரு வீட்டை 2 கோடி 80 இலட்சம் ரூபாவுக்குத் தருவதாகச் சொல்லி, இப்போதே 30 சதவீத முற்பணம் கேட்கிறார்கள். கனடாக் குடியுரிமை மட்டுமே உள்ள என் அண்ணர் பாதிப் பணம் தருவார். தமது பெயரையும் வீட்டு உறுதிப் பத்திரத்தில் சேர்க்க விரும்புகிறார். இதை வாங்குவதா, உரும்பிராயில் நான்கு பரப்புக் காணி வாங்கி வீடு கட்டுவதா?

பதில்: அண்ணரின் பெயரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டுக் குடியுரிமை மட்டுமே உள்ள ஒருவர் நான்காம் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள தொடர்மாடி வீட்டைத்தான் வாங்கலாம். அதற்கும் முழு விலை வெளிநாட்டிலிருந்து வந்த பணமாக இருக்க வேண்டும். எனவே இரண்டாம் மாடி வீட்டின் உறுதியில் அவர் பெயர் வர முடியாது. அவர் இலங்கையின் இரட்டைக் குடியுரிமையைப் பெற்றால் இத்தடை நீங்கும். இல்லையேல், அவர் தருவது நன்கொடையா கடனா என்பதை இப்போதே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடன்பிறப்புகளுக்குள் எழுத்து எதற்கு என்று இருந்துவிட்டுப் பின்னர் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்தது முற்பணம். 30 சதவீதம் என்பது 84 இலட்சம் ரூபா. தொடர்மாடி உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கட்டடத்தின் வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவான பின்னரே ஒவ்வொரு வீடும் தனிச் சொத்தாகிறது. அதுவரை உங்கள் கையில் இருப்பது ஓர் உடன்படிக்கை மாத்திரமே. கட்டுநர் அதே காணியை வங்கியில் ஈடு வைத்துக் கட்டுகிறாரா என்பதைப் பதிவேட்டில் தேடுவித்துப் பாருங்கள். ஈடு இருந்தால், உங்கள் வீட்டை அதிலிருந்து விடுவிப்பதாக வங்கி தரும் கடிதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். சொன்ன விலைக்குள் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி அடங்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். இந்த விலைக்கு முத்திரை வரி மட்டும் ஏறத்தாழ 11 இலட்சத்து 19 ஆயிரம் ரூபா ஆகும்.

தொடர்மாடியில் லிப்ட், ஜெனரேற்றர், தண்ணீர்த் தாங்கி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் பொதுச் சொத்து. அவற்றை நடத்துவது உரிமையாளர்கள் அனைவரும் அங்கம் வகிக்கும் முகாமைக் கூட்டுத்தாபனம். அயலவர்களில் பாதிப்பேர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு வீட்டைப் பூட்டி வைத்தால், கூட்டத்துக்கு ஆள் சேராது, பராமரிப்புப் பணமும் நேரத்துக்கு வராது. லிப்ட் பழுதாகி இரண்டு வாரம் நின்றால் உங்கள் அம்மா இரண்டாம் மாடியிலேயே அடைபட்டிருப்பார். சுண்ணாம்புக்கல் நிலமாகிய யாழ்ப்பாணத்தில் கழிவுக் குழிநீர் இலகுவாகக் கிணற்று நீரோடு கலக்கும் என்பதால், இத்தனை வீடுகளின் கழிவுநீர் எங்கே போகிறது என்று அவசியம் கேட்க வேண்டும்.

பின்னொரு காலத்தில் வாடகைக்கு விடலாம் என்ற எண்ணமும் இருக்கக்கூடும். மாதம் 75,000 ரூபா வாடகை கிடைத்து, பராமரிப்புக்கு 18,000 போனால், ஆண்டுக்கு மிஞ்சுவது 684,000 ரூபா. இது விலையில் இரண்டரைச் சதவீதம்கூட இல்லை. நிலையான வைப்பு வட்டி இதைவிட அதிகம். ஆகவே இதை வருமானம் தரும் முதலீடாகக் கருத வேண்டாம்.

உரும்பிராய்க் காணியிலும் சிக்கல் உண்டு. அது பலருக்குப் பொதுவான பங்குக் காணியாயின், யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமாகிய தேசவழமைப்படி மற்றைய பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காத விற்பனை பின்னர் வழக்காகலாம். மேலும் நான்கு பரப்பு என்பது கால் ஏக்கர். வேலி அடைக்கவும் முற்றம் கூட்டவும் ஆள் பிடிப்பதே இன்று பெரும்பாடாக இருக்க, இந்த வயதில் வீடும் கட்டி அவ்வளவு நிலத்தையும் பார்ப்பது உங்களுக்குச் சுமையாகும் என்றே நினைக்கிறேன்.

வயதான மூவருக்குத் தொடர்மாடி வாழ்க்கை பொருத்தமானதே. நான் தடுப்பது இந்த முற்பணத்தை மட்டுமே. பணத்தை வைப்பில் விட்டுவிட்டு, ஏற்கெனவே கட்டி முடித்து, வரைபடம் பதிவாகி, ஆட்கள் குடியிருக்கும் கட்டடமொன்றில் வீடு தேடுங்கள். அங்கே குடியிருப்பவர்கள் இருவரிடமாவது தண்ணீரையும் லிப்டையும் பற்றி விசாரியுங்கள். உறுதி முடிக்க, விற்பவர் காட்டும் நொத்தாரிசிடம் போகாமல், நீங்களே தெரிந்தெடுத்த ஒருவரிடம் போங்கள்.