பத்திரிகை ஓவியர்கள்: சில கேள்விகளும் பதில்களும்

பத்திரிகை ஓவியர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார் சார்?

கோபுலு. 1924-ல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். ஆனந்த விகடனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு அவர் போட்ட படங்களைப் பாருங்கள், தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர்கள் அப்படியே வந்து நிற்பார்கள். அவர் வரைந்தால், முதுகைக் காட்டி நிற்கிற ஆளுக்குக்கூடக் கோபமா, சலிப்பா என்று தோளிலேயே தெரிந்துவிடும். வசனமே இல்லாத அவருடைய சிரிப்புப் படங்கள் அதனால்தான் எடுபட்டன.

ஓவியர் ‘சிற்பி’ வரைந்த கோயில் சிலைகளை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்? போட்டோ எடுத்தால் போதாதா?

போதாது. அன்றைய சாணித்தாளில் போட்டோவை அச்சடித்தால் நிழல் பகுதி எல்லாம் கறுப்பாக அப்பிக்கொள்ளும். பேனாவால் போட்ட கோடுகளை பிளாக் (அச்சடிக்கும் உலோகத் தகடு) எடுத்தால் பளிச்சென்று விழும். அது ஒரு காரணம்தான். கேமரா, விழுந்த வெளிச்சத்தை மட்டும் எடுக்கும். சிற்பியோ சிலை முன்னால் உட்கார்ந்து, இடுப்பு வளைவு எங்கே தொடங்குகிறது, மேகலை எங்கே தொங்குகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தார். நெருக்கமான மெல்லிய கோடுகளால் கல்லின் உருட்சியைக் கொண்டுவந்துவிடுவார். விகடனில் எழுத்தாளர் தேவன் குறிப்பு எழுத, இவர் வரைந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கோயிலுக்குப் போய் வாருங்கள். நாம் பார்க்காமல் கடந்த நகைகள் அத்தனையும் கண்ணில் படும். இயற்பெயர் ஸ்ரீநிவாசன். ‘சிற்பி’ என்று பெயர் வைத்தவர் ஓவியர் மாலி, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்!

வந்தியத்தேவன் என்றாலே எனக்கு மணியம் படம்தான் நினைவுக்கு வருகிறது. உங்களுக்கும் அப்படியா?

எனக்கும் அப்படித்தான். ‘பொன்னியின் செல்வன்’ ‘கல்கி’ பத்திரிகையில் முதலில் வந்தபோது வாராவாரம் வரைந்தவர் அவர். அதை எழுதிய கல்கியோடு அஜந்தா, எல்லோரா என்று பயணம் போய் வந்தவர் என்பதால் கொண்டை, அணிகலன் எதுவும் நாடக மேடைச் சாமான் மாதிரி இருக்காது. 1968-ல், நாற்பத்து நாலு வயதிலேயே போய்விட்டார். பெரிய இழப்பு. மகன் மணியம் செல்வனும் ஓவியர்தான்.

ஓவியர் ஆதிமூலத்தின் அரூப (உருவமில்லாத) ஓவியங்கள் எனக்குப் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

அவருடைய கோட்டோவியங்களிலிருந்து தொடங்குங்கள். காந்தியை நிறைய வரைந்திருக்கிறார். அப்புறம், கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குப் போட்ட படங்கள். கோடு முறுக்கிக்கொண்டு, கரடுமுரடாக, கரிசல் மண் வெடித்த மாதிரி ஓடும். அந்தக் கோட்டின் வேகம் பழகிவிட்டால், பிறகு வண்ணத்தில் உருவமே இல்லாமல் அவர் என்ன செய்கிறார் என்பது தானாகப் பிடிபடும்.