கடைசியாகப் பட்டினி கிடப்பவன் துப்பாக்கிக்காரன்

கேள்வி: போர் நடக்கும் நாடுகளுக்கு அனுப்புகிற உணவும் மருந்தும் கடைசியில் ஆயுதம் ஏந்தியவர்களிடம்தானே போய்ச் சேர்கிறது? அதைத் தின்றுவிட்டு அவர்கள் தெம்பாகச் சண்டை போடுகிறார்கள். உதவியை அடியோடு நிறுத்தினால் போர் சீக்கிரம் முடிந்துவிடும் அல்லவா? நண்பர்கள் நிதி திரட்டியபோது இதைச் சொல்லி நான் பணம் தர மறுத்துவிட்டேன். கல்நெஞ்சக்காரன் என்கிறார்கள். நான் சொன்னதில் என்ன தவறு?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உங்களைக் கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். கொடுக்கிற பணம் கொலைகாரன் கைக்குப் போய்விடுமோ என்று கூசுவது நல்ல மனசுதான். ஆனால் நீங்கள் போட்ட கணக்கு தப்பு. உயிர் போகிற விஷயத்தில் கணக்கு தப்பினால் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் பக்கம் இருக்கும் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நிவாரணம் திருடு போகிறது. சோதனைச்சாவடியில் லாரிக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். பயனாளிப் பட்டியலில் இல்லாத ஆட்களின் பெயரைச் சேர்க்கிறார்கள். சில இடங்களில் கிடங்கையே சூறையாடுகிறார்கள். 1994-இல் ருவாண்டாவில் இனப்படுகொலை செய்தவர்கள் எல்லை தாண்டி, அன்றைக்கு ஸயர் என்று பெயரிருந்த நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அகதி முகாம்களைத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். வந்த உணவுப் பங்கீடும் அவர்கள் கையில். இதற்குமேல் இதில் கைகோக்க முடியாது என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அந்த ஆண்டு நவம்பரில் முகாம்களை விட்டு வெளியேறியது. அந்த முடிவு சரியா என்று அந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். இதையெல்லாம் மூடி மறைத்துவிட்டு "உதவுங்கள்" என்று மட்டும் கேட்பவர்கள்மேல் எனக்கும் நம்பிக்கை இல்லை.

சரி, அதனால் அடியோடு நிறுத்திவிடலாமா? ஏறக்குறைய அப்படி நிறுத்திப் பார்த்த இடம் ஒன்று இருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள்.

தெற்கு சோமாலியாவின் பெரும்பகுதி அல்-ஷபாப் என்ற ஆயுதக்குழுவின் பிடியில் இருந்தது. அந்தக் குழுவைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்த அமெரிக்கா, ஒரு மூட்டைகூட அவர்களிடம் போய்விடக் கூடாது என்று அந்தப் பகுதிக்கான நிதியைப் பெருமளவு குறைத்தது. அல்-ஷபாபும் சும்மா இருக்கவில்லை. நிவாரண அமைப்புகளை மிரட்டியது, பணம் கேட்டது, விரட்டியது. 2010 ஜனவரியில் ஐ.நா.வின் நிவாரண அமைப்பான உலக உணவுத் திட்டம் தெற்கில் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. அப்புறம் மழை பொய்த்தது. 2011 ஜூலை 20 அன்று ஐ.நா. அங்கே பஞ்சம் என்று அறிவித்தது. பின்னால் வந்த ஆய்வு, இறந்தவர்கள் சுமார் 2,58,000 பேர் என்று மதிப்பிட்டது. அதில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 1,33,000 பேர், ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அல்-ஷபாப் ஒழிந்ததா? இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. உணவு குறைந்தால் ஊரில் யார் முதலில் பட்டினி கிடப்பார்கள்? பால் வற்றிப்போன தாயின் குழந்தை. அப்புறம் வயசானவர்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், வீட்டில் சம்பாதிக்கும் ஆள் செத்துப்போன குடும்பங்கள். கையில் துப்பாக்கி வைத்திருப்பவன் இந்த வரிசையில் கடைசி ஆள். அவன் வயலில் எடுப்பான், கடையில் எடுப்பான், அடுத்தவர் வீட்டுப் பானையில் எடுப்பான். இன்னொன்றும் உண்டு. பற்றாக்குறை வந்துவிட்டால் சாவடியில் நிற்பவனுக்கு வருமானம் ஏறுகிறது. உணவு தாராளமாக வரும் ஊரில் திருடிய மூட்டைக்கு விலை கிடைக்காது. உணவே வராத ஊரில் அதே மூட்டை தங்கம். உதவியை நிறுத்தினால் அவன் பட்டினி கிடப்பான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவன் கையில் இருப்பதன் விலையைத்தான் ஏற்றிவிடுகிறீர்கள்.

இந்தப் பசியைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன், செய்து பாருங்கள். ஒரு காகிதத்தில் மெல்லிய பட்டை ஒன்றை வெட்டுங்கள். 11.5 சென்டிமீட்டர் நீளம் அளந்து, முனையோடு முனை சேர்த்து வளையமாக ஒட்டுங்கள். உள்ளே இரண்டு விரலை விட்டால் வளையம் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை உள்ள ஒரு குழந்தையின் கையின் மேல்பகுதி, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, இந்தச் சுற்றளவுக்கும் கீழே போய்விட்டால் அது கடுமையான சத்துக்குறைவு. முகாம்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்ட ஒரு நாடாவைக் கையில் சுற்றி இதைத்தான் பார்க்கிறார்கள். சிவப்பு வந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடமுடியாது. நாடாவைப் பிடிக்கத் தாய்க்கே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். தன் பிள்ளையின் கையில் சிவப்பைத் தானே அளந்து பார்க்கிற தாயை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் குழந்தைக்கு வைத்தியம் இருக்கிறது. வேர்க்கடலை விழுது, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், உயிர்ச்சத்துகள் சேர்த்த 92 கிராம் பாக்கெட். ஒன்றில் 500 கலோரி. தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம். மூலையைக் கிழித்துக் கொடுத்தால் குழந்தை அப்படியே பிதுக்கிச் சாப்பிடும். ஆறிலிருந்து எட்டு வாரம் கொடுத்தால், வேறு நோய்ச் சிக்கல் இல்லாத பெரும்பாலான குழந்தைகள் வீட்டில் இருந்தபடியே தேறிவிடுகிறார்கள். ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு பெட்டி, 150 பாக்கெட். "உதவியை அடியோடு நிறுத்து" என்று நீங்கள் எழுதிய வரியில் இந்தப் பெட்டியும் அடக்கம்.

எதிரிக்குப் பயன்படும் என்று சொல்லித் தடுப்பது எங்கே போய் முடியும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2018 மார்ச்சில் சிரியாவின் தலைநகரை ஒட்டிய கிழக்கு கூட்டா முற்றுகையில் இருந்தது. வெகு நாள் பேச்சுக்குப் பிறகு ஒரு லாரி வரிசை உள்ளே போக அனுமதி கிடைத்தது. கிளம்பும் முன் அரசுப் படையினர் சோதனை போட்டார்கள். மருத்துவப் பொருள்களில் சுமார் 70 சதவீதத்தை இறக்கிவிட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவன அதிகாரி சொன்னார். இறக்கியது என்ன தெரியுமா? காயக்கட்டுப் பெட்டிகள், அறுவை சிகிச்சைப் பொருள்கள், டயாலிசிஸ் பொருள்கள், இன்சுலின். இன்சுலினை வைத்துக்கொண்டு யார் போர் செய்வது?

போர்க்காலத்துக்கான சர்வதேசச் சட்டம் உங்கள் சந்தேகத்தை எப்போதோ யோசித்துவிட்டது. 1949-இன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தையும் 1977-இல் சேர்த்த நெறிமுறைகளையும் எழுதியவர்கள் உலகம் தெரியாதவர்கள் அல்லர், இரண்டாம் உலகப் போரைக் கண்ணால் பார்த்த தலைமுறை. லாரியைச் சோதிக்கலாம் என்கிறது சட்டம். எந்த வழி, எந்த நேரம் என்று நிபந்தனை போடலாம். மக்களிடம் போய்ச் சேருகிறதா என்று நடுநிலையான ஓர் அமைப்பைக் கண்காணிக்கச் சொல்லலாம். ஓர் இடத்தை ஆக்கிரமித்தவருக்கோ, அங்கே இருக்கும் மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்வது கடமை. ஆனால் பொதுமக்களைப் பட்டினி போட்டுப் போரில் ஜெயிக்கப் பார்ப்பது தடை செய்யப்பட்டது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த 1998-இன் ரோம் சாசனம் அதைப் போர்க்குற்றம் என்றது. உள்நாட்டுப் போர்களுக்கும் அது பொருந்தும்படி 2019-இல் திருத்தம் வந்தது. 2018 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு சபையும் 2417-ஆம் தீர்மானத்தில் இதைக் கண்டித்தது. "உதவியை நிறுத்தினால் போர் சீக்கிரம் முடியும்" என்றீர்களே, ஊரை முற்றுகையிட்டு உட்கார்ந்திருக்கும் தளபதி சொல்கிற வாதமும் அதேதான். நீங்கள் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் இல்லை என்று நம்புகிறேன்.

நிவாரணத்தை மூட்டைக் கணக்காக மட்டும் பார்ப்பதும் ஒரு தப்பு. மூட்டையோடு ஆளும் போகிறார். ஆள் போனால் ஒரு சாட்சி போகிறது. 2008 செப்டம்பரில் ஐ.நா. தன் வெளிநாட்டு ஊழியர்களைக் கிளிநொச்சியிலிருந்து வெளியே எடுத்தபோது, போகாதீர்கள் என்று மக்கள் அலுவலக வாசலில் நின்று கெஞ்சினார்கள். அவர்கள் சோற்றுக்காகக் கெஞ்சவில்லை. பார்க்க ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த எட்டு மாதங்களில் வன்னியில் நடந்ததை நான் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. 2012 நவம்பரில் வெளியான ஐ.நா.வின் சொந்த உள் ஆய்வே, தங்கள் அமைப்பு அங்கே தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டது. அதே வன்னியில், 2009 பிப்ரவரியிலிருந்து மே வரை, செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் கரைக்கு வந்து வந்து 13,000-க்கும் மேற்பட்ட காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் கூட இருந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு போனது. போரை அந்தக் கப்பலால் நிறுத்த முடியவில்லை. அது நிறுத்தவும் வரவில்லை. ஏறியவர்களுக்குப் பிழைக்க ஒரு வழி கிடைத்தது.

போகிற ஆட்கள் படுகிற பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் மட்டும் 380-க்கும் மேற்பட்ட நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இல்லை, அந்தந்த ஊர்க்காரர்கள். தன் வீடு இடிந்துகிடக்க, அடுத்த தெருவுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர்கள். சூடானில் 2023 ஏப்ரலில் போர் வெடித்தபோது அக்கம்பக்கத்து இளைஞர்கள் தாங்களே அவசர உதவிக் குழுக்கள் அமைத்து, தெருத்தெருவாகப் பொதுச் சமையற்கூடம் தொடங்கினார்கள். பெரிய அமைப்புகள் நுழைய முடியாத இடங்களில் அந்த அடுப்புகள்தான் எரிந்தன. 2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி திடீரென்று நின்றது. நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடப்பட்டன. துப்பாக்கி வைத்திருந்த இரண்டு தரப்பும் சண்டையை நிறுத்தவில்லை. தட்டோடு வந்தவர்கள்தான் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஆக, உங்கள் நண்பர்களிடம் திரும்பப் போங்கள். அவர்கள் பழைய துணியும் போர்வையும் சேர்த்துக்கொண்டிருந்தால் அது வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே உங்கள் சந்தேக புத்தி உதவும். யார் பிரிப்பது, யார் அனுப்புவது, எந்தத் துறைமுகத்தில் அடைத்துக்கொண்டு கிடக்கும் என்று யாருக்கும் தெரியாத மூட்டை அது. பணமாக இருந்தால் தேவையானதைப் பக்கத்துச் சந்தையிலேயே வாங்கலாம், அங்கே மிச்சமிருக்கும் வியாபாரியும் பிழைப்பார். பணம் வாங்கும் அமைப்பிடம் கூசாமல் கேளுங்கள்: அந்த ஊர் ஆட்களோடு வேலை செய்கிறீர்களா, பட்டுவாடா ஆனதை யார் போய்ப் பார்க்கிறார்கள், போன தடவை திருடு போனது எவ்வளவு, அதற்கு என்ன செய்தீர்கள்? "எங்களிடம் எதுவுமே திருடு போகாது" என்று சொன்னால் நம்பாதீர்கள். போனதைச் சொல்லி, எப்படிக் குறைத்தோம் என்று விளக்குகிறவர்களை நம்பலாம். ஓர் அமைப்பின் பதில் சரியாக இல்லையென்றால் இன்னொன்றைத் தேடுங்கள். பணத்தை மட்டும் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.