டப்ளினுக்குப் போவது ஊர் சுற்றவா, படிக்கவா?

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் விளையாட்டியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ‘விளையாட்டும் பண்பாடும்’ என்ற விருப்பப் பாடத்துக்காக ஒரு வாரம் அயர்லாந்து போக வேண்டுமாம்; விமானச் செலவும் தங்கும் செலவும் எங்களுடையது. ஏற்கெனவே கல்விக் கடன் இருக்கிறது. மைதானத்தைச் சுற்றிப் பார்ப்பதெல்லாம் ஒரு படிப்பா? அனுப்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தந்தை இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. ஆயினும், முடிந்தால் அனுப்புங்கள் என்றே சொல்வேன்.

அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியின் நிழலில் கிரிக்கெட்டும் ரக்பியும் வளர, மண்ணின் ஆட்டங்கள் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில், 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் என்ற சிற்றூரில் ஹேய்ஸ் ஹோட்டலில் சிலர் கூடி, கேலிக் (அதாவது ஐரிஷ் மரபுசார்ந்த) தடகளச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டையால் சிறு தோல்பந்தை அடித்து ஆடும் ஹர்லிங்கையும் கேலிக் கால்பந்தையும் இன்றுவரை அச்சங்கமே நடத்துகிறது. அதன் தலைமை மைதானமான டப்ளின் க்ரோக் பார்க்கில் 82,000 பேர் கூடலாம்; ஆனால் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னால் ஆடிய ஒருவர் திங்கட்கிழமை காலை பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். ஒருவர் எந்த ஊரைச் சேர்ந்தவரோ அந்த ஊருக்காக ஆடுவதே அங்கு வழக்கம்.

விடுதலைப் போர்க் காலத்தில், 1920 நவம்பர் 21 அன்று, இதே மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பிரிட்டிஷ் அரசுப் படையினர் சுட்டதில் 14 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவரான டிப்பரரி அணி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகனின் பெயரை இன்று ஒரு பார்வையாளர் அரங்கு தாங்கி நிற்கிறது. ரக்பி போன்ற ஆட்டங்களுக்கு அந்த மைதானத்தைத் தருவதில்லை என்ற விதி 2005-இல்தான் தளர்த்தப்பட்டது. 2007 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்து ரக்பி அணி அங்கு ஆட வந்து, பிரிட்டிஷ் தேசிய கீதம் ஒலித்தபோது, கூட்டம் மரியாதையோடு அமைதி காத்தது. அயர்லாந்து 43–13 என்று வென்றது. எனக்கு அந்த வெற்றியைவிட அந்த அமைதியே பெரிதாகத் தெரிகிறது.

தங்கள் மகன் அங்கே அவசியம் பார்க்க வேண்டியது, மைதானத்தின் ஒரு முனையில் மக்கள் நின்றே ஆட்டம் பார்க்கும் ‘ஹில் 16’ என்ற மேடு. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் இடிந்த டப்ளின் கட்டடங்களின் இடிபாடுகளைக் கொட்டி அது எழுப்பப்பட்டது என்று மக்கள் நெடுங்காலம் நம்பி வந்தார்கள். உண்மையில் எழுச்சிக்கு முன்பே அந்த மேடு இருந்தது. அதற்கு முதலில் வழங்கிய பெயர் ‘ஹில் 60’. முதல் உலகப் போரின்போது, 1915-இல், துருக்கியின் கலிப்பொலியில் பிரிட்டிஷ் சீருடையில் போரிட்டு ஐரிஷ் வீரர்கள் பலர் மடிந்த குன்றின் பெயர் அது. விடுதலை பெற்ற நாடு அந்தப் பெயரை மாற்றியது; புதிய பெயருக்கு ஏற்ற கதையும் வளர்ந்தது. ஒரு சமூகம் எதை நினைவில் வைத்துக்கொள்கிறது, எதை மறக்க விரும்புகிறது என்பதை ஒரு மண்மேடு இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது, அதைப் படிப்பு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மைதானத்தோடு சேர்ந்த அருங்காட்சியகத்தில் அரைநாள் செலவிடச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, ஏதேனும் ஒரு சிற்றூர்ச் சங்கத்தின் ஆட்டத்தைப் பார்த்து, அங்கே நுழைவுச்சீட்டு கிழிப்பவரிடமும் தேநீர் ஊற்றுபவரிடமும் பேசி, அன்றிரவே குறிப்பெழுதச் சொல்லுங்கள். ‘சம்பளமில்லாமல் ஏன் ஆடுகிறார்கள்’ என்ற ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனாலே நல்ல கட்டுரை கிடைக்கும். இந்தப் பயணம் நேராக ஒரு வேலையை வாங்கித் தரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

செலவைப் பொறுத்தவரை, துறையிலோ மாணவர் நல அலுவலகத்திலோ பயண உதவித்தொகை உண்டா என்று முதலில் அவர் எழுதிக் கேட்கட்டும். எதுவும் கிடைக்காமல் வட்டிக்குப் புதிதாகக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வேறு விருப்பப் பாடத்தை எடுப்பதில் குறைவொன்றும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: இங்கிலாந்தின் மாணவர் விசா அயர்லாந்துக்குச் செல்லாது, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த விசா கைக்கு வந்த பிறகே விமானச் சீட்டுக்குப் பணம் கட்டச் சொல்லுங்கள்.