பூ முற்றும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி: அமெரிக்காவில் ஐந்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்து ஹெம்ப் (போதை குறைந்த கஞ்சா இனச் செடி) போடப் போகிறேன். டிஎச்சி (போதை தரும் வேதிப்பொருள்) 0.3 சதவீதத்துக்குள்தான் இருக்கும் என்று விதை விற்றவர் சான்றிதழ் தந்திருக்கிறார். அது போதுமா? சோதனையில் தோற்றால் வழக்கு வருமா?

பதில்: போதாது. அந்த ரகம் வேறொரு வயலில் எப்படி விளைந்தது என்பதைத்தான் சான்றிதழ் சொல்கிறது. அதிகாரி பார்க்கப்போவது உங்கள் வயலில் நிற்கும் செடியை.

‘சணல்தானே, இதற்கென்ன இவ்வளவு கெடுபிடி’ என்று நம் ஆட்கள் கேட்பதுண்டு. சாக்குச் சணல் வேறு இனம். ஹெம்ப்பும் கஞ்சாவும் ஒரே இனச் செடி. 2018 பண்ணைச் சட்டம் இரண்டையும் பிரித்தது ஓர் எண்ணை வைத்துத்தான்: உலர் எடையில் டிஎச்சி 0.3 சதவீதம்.

முதல் வேலை உரிமம். உங்கள் மாநிலத்துக்குத் தனித் திட்டம் இருந்தால் அங்கே வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மத்திய வேளாண் துறையிடம். கடந்த பத்து ஆண்டுகளில் போதைப்பொருள் தொடர்பான பெருங்குற்றத் தண்டனை பெற்றிருந்தால் பொதுவாகக் கிடைக்காது. கூட்டாளி சேர்ப்பதாக இருந்தால் அவருடைய பழைய கதையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். விதைத்த பிறகு பரப்பளவையும் வயல் இருக்குமிடத்தையும் மத்திய வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமையில் பதிய வேண்டும்.

சரி, உண்மையான சிக்கலுக்கு வருவோம். அறுவடைக்கு முந்தைய 30 நாட்களுக்குள் மாதிரி எடுக்க வேண்டும். எடுப்பவர் அங்கீகாரம் பெற்ற முகவர், நீங்கள் அல்ல. செடியின் நுனியில், பூ உள்ள இடத்திலிருந்து ஐந்து முதல் எட்டு அங்குலம் வெட்டுவார். டிஎச்சி அதிகம் சேருவதும் அங்கேதான். பூ முற்ற முற்ற அளவு ஏறும். போன வாரம் தேறியிருக்கக்கூடிய பயிர் இந்த வாரம் தோற்கலாம். மாதிரி எடுத்து 30 நாட்களுக்குள் அறுத்து முடிக்காவிட்டால், மிச்சப் பயிருக்கு மறுபடி சோதனை.

ஆய்வகம் பார்ப்பது மொத்த டிஎச்சி. டிஎச்சி அமிலத்தை (சூடானால் டிஎச்சியாக மாறுவது) 0.877 ஆல் பெருக்கி, டெல்டா-9 டிஎச்சியை (ஏற்கெனவே போதை தரும் வடிவத்தில் இருப்பது) கூட்டுவார்கள். உதாரணமாக அமிலம் 0.30, டெல்டா-9 0.05 என்று வந்தால் மொத்தம் 0.313. தோற்றுவிட்டோம் என்று பதறாதீர்கள். அறிக்கையில் அளவீட்டு நிச்சயமின்மை (உண்மை அளவு எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது) என்று ஒரு வரி இருக்கும். அது ±0.05 என்றால் கீழ் எல்லை 0.263. இந்தக் கீழ் எல்லை 0.3-ஐத் தாண்டாததால் பயிர் தேறியது. அந்த ஒரு வரியைப் படிக்காமல் வயலை உழுதுவிடக் கூடாது.

நிஜமாகவே தோற்றால்? மறுசோதனை கேட்கலாம். பூக்களை மட்டும் அகற்றி அழித்துவிட்டுத் தண்டையும் விதையையும் காப்பாற்றலாம். அல்லது முழுச் செடியையும் அரைத்துத் தூளாக்கி மறுபடி சோதிக்கலாம். எதுவும் பலிக்காவிட்டால் உழுது மண்ணில் புதைக்க வேண்டும், இல்லை எரிக்க வேண்டும். வழக்கைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் முறையாக முயன்று, மொத்த டிஎச்சி 1.0 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் அலட்சிய மீறல்கூட ஆகாது. அலட்சிய மீறலுக்கும் குற்ற வழக்கு கிடையாது. ஆனால் ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை ஆனால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு நீங்கள் ஹெம்ப் பயிரிட முடியாது. பயிருக்குச் செலவழித்த பணம் எப்படியும் திரும்பாது.

அதனால் பூ விட்டதிலிருந்து சொந்தச் செலவில் ஓரிரு முறை சோதித்துப் பாருங்கள். அறுவடை இயந்திரத்தையும் உலர்த்தும் கொட்டகையையும் ஏற்பாடு செய்த பிறகே மாதிரிக்குத் தேதி கேளுங்கள்.

அப்புறம் சந்தை. 2025 நவம்பரில் கையெழுத்தான சட்டம், ஓராண்டு கழித்து, நுகர்வோர் கைக்குப் போகும் ஹெம்ப் பொருளில் ஒரு கொள்கலனுக்கு 0.4 மில்லிகிராம் மொத்த டிஎச்சிதான் இருக்கலாம் என்கிறது. பூவை நம்பி சிபிடி (ஹெம்ப் பூவிலிருந்து எடுக்கும், போதை தராத பொருள்) விற்க நினைத்தால், விதை வாங்கும் முன்பே வாங்குபவரிடம் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். நாருக்கும் விதைக்கும் போடுகிறவருக்கு இந்தத் தலைவலி குறைவு.